‘டான்’னா (dawn) எத்தனை மணி? புதுசா வெளிநாடு போன வடசென்னைக்காரங்களுக்கு

கேள்வி: லண்டனில் புது வேலை. நாளைக்கு ‘டான்’ல வந்துடுன்னு சூப்பர்வைசர் மெசேஜ் போட்டிருக்கார். நம்ம ஊர் விடியகாலை மாதிரி நாலு மணிக்குப் போகணுமா?

பதில்: முதல்ல மணியைக் கேட்டு வாங்குங்க தம்பி. டான் என்பது மணி இல்லை, வெளிச்சம். கிழக்கு வெளுக்க ஆரம்பிச்சதுல இருந்து சூரியன் தலைகாட்டுற வரைக்கும் உள்ள நேரம். தலைகாட்டிட்டா அது சன்ரைஸ்.

நம்ம ‘விடியகாலை’ ரொம்ப தாராளமான வார்த்தை. காசிமேட்டுல கும்மிருட்டுல மீன் ஏலம் நடக்கும், அதுவும் விடியகாலை. ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் விடியகாலை. இங்கிலீஷ்காரங்க இதைத் துண்டு துண்டா வெட்டி வச்சிருக்காங்க. நடுராத்திரி தாண்டி இருட்டா இருக்கிற வரைக்கும் ‘ஸ்மால் அவர்ஸ்’ இல்லன்னா ‘வீ அவர்ஸ்’. அந்த மீன் ஏலத்துக்கு இதுதான் சரி, டான் இல்லை. வெளுத்தா டான், ‘டேபிரேக்’. அதுக்கப்புறம் ‘எர்லி மார்னிங்’. இது மட்டும் கொஞ்சம் நம்மளை மாதிரியே தாராளம்.

வெளிச்சத்தை வச்சுச் சொல்ற வார்த்தைங்கறதால, ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மணி மாறும். சென்னையில வருஷம் முழுக்க சூரிய உதயம் ஏறக்குறைய 5.40க்கும் 6.35க்கும் நடுவுலேயே நிக்கும். லண்டன்ல ஜூன்ல 4.45 வாக்கில், டிசம்பர்ல 8 மணி தாண்டி. சிங்கப்பூர்ல எப்பவும் 7 மணியை ஒட்டித்தான். அங்க கடிகாரத்தையே முன்னாடி தள்ளி வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல வெளுக்க ஆரம்பிச்சா இருபது நிமிஷத்துக்கு மேல கொஞ்சம் ஆகும், பளிச்சுன்னு விடிஞ்சிடும். லண்டன் ஜூன்ல அதுக்கு ரெண்டு மடங்கு. சும்மா வெளிச்சத்தைப் பார்த்துட்டு லேட் ஆயிடுச்சுன்னு பதறாதீங்க.

இன்னொண்ணு: ‘கிராக் ஆஃப் டான்’ல எழுந்தேன்னு கூட வேலை பார்க்கிறவங்க சொன்னா கணக்குப் போட்டுப் பார்க்காதீங்க. நாம ‘கோழி கூவுறதுக்கு முன்ன’ன்னு சொல்ற மாதிரி ஒரு பேச்சு. ‘ஃபர்ஸ்ட் திங் இன் தி மார்னிங்’னு சொன்னா ஆபீஸ் திறந்த உடனே முதல் வேலையா முடிக்கணும்னு அர்த்தம். விடியகாலையில போய் பூட்டின கதவு முன்னாடி நிக்க வேண்டாம். பிரிட்டன்ல ‘ஹாஃப் சிக்ஸ்’னா ஆறரை. ஜெர்மன்காரங்க அவங்க பாஷையில அதையே சொன்னா அஞ்சரை. இதுல ஒரு ஷிப்டே போயிடும்.

தேதிக் குழப்பத்தையும் சேர்த்துக்குங்க, பெரிய நஷ்டம் அதுலதான். நமக்கு விடிஞ்சாத்தான் அடுத்த நாள். ‘ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணி’ன்னு சொல்றோம். அவங்களுக்கு அது திங்கட்கிழமை, ‘எர்லி அவர்ஸ் ஆஃப் மண்டே’. ஆஸ்பத்திரியில எப்ப வலி ஆரம்பிச்சதுன்னு கேட்டா ‘மண்டே டூ ஏ.எம்.’னு சொல்லுங்க. ‘சண்டே நைட்’னு சொன்னா சில மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சதா எழுதிடுவாங்க.

ஊர்ல இருந்து அப்பா அம்மாவை வரவழைக்கும்போது டிக்கெட்டை இப்படிப் படிங்க. 15ஆம் தேதி 12.45 ஏ.எம். என்று இருந்தா, 14ஆம் தேதி ராத்திரி 9.45க்கே மீனம்பாக்கத்துல இருக்கணும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கத்துல இருந்து கிளம்பறவங்களுக்கு மெட்ரோ நேரா ஏர்போர்ட்டுக்கே போகும். 15ஆம் தேதி சாயங்காலம் பொட்டி கட்டினா பிளைட் போய் முக்கால் நாள் ஆகியிருக்கும். வாட்ஸப்ல அனுப்பும்போது ஏ.எம்., பி.எம். போடாதீங்க. ‘14 வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் கிளம்பணும்’னு தமிழ்ல எழுதுங்க.

ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பாய்மாருக்கு ஒரு விஷயம். போன்ல வானிலை ஆப் காட்டுற டான், சுபுஹு (விடியகாலைத் தொழுகை) நேரம் இல்லை. அந்த ஆப்கள் பெரும்பாலும் சூரியன் தொடுவானத்துக்கு 6 டிகிரி கீழே இருக்கிற நேரத்தைக் காட்டும். சுபுஹு கணக்கு பொதுவா 15 முதல் 18 டிகிரி வரை, அதாவது ரொம்ப முன்னாடி. ஆப்பைப் பார்த்து ஸஹர் (நோன்புக்கு முன்னாடி சாப்பிடுற சாப்பாடு) வச்சா நோன்பு தப்பிடும். லண்டன்ல ஜூன்ல சூரியன் ராத்திரி முழுக்க 18 டிகிரிக்குக் கீழே இறங்குறதே இல்லை. அதனால பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் அட்டவணை வேற வேறயா இருக்கும். வீட்டுப் பக்கத்துப் பள்ளிவாசல் அட்டவணை ஒண்ணையே பிடிச்சுக்குங்க.

வண்டி ஓட்டுறவங்களுக்கு: பிரிட்டன் ஹைவே கோட்ல (சாலை விதிப் புத்தகம்) ஹெட்லைட் போடுற ‘ராத்திரி’ என்பது சூரியன் மறைஞ்சு அரை மணி கழிச்சு ஆரம்பிச்சு, உதயத்துக்கு அரை மணி முன்னாடி முடியும். உதயத்தை வச்சுத்தான் கணக்கு, வெளுத்ததை வச்சு இல்லை.

பேசும்போது வழுக்குற இடங்கள். எழுத்தைப் பார்த்து ‘டவுன்’னு படிக்கிறாங்க. அது டான், வாயைத் திறந்து நீட்டி. ‘அட் டான்’னு சொல்லுங்க, ‘இன் டான்’ கிடையாது. ஆனா ‘இன் தி எர்லி மார்னிங்’ சரி. ‘டுடே மார்னிங்’ நம்ம ஊர் இங்கிலீஷ், அங்க ‘திஸ் மார்னிங்’. ‘எஸ்டர்டே நைட்’ வேண்டாம், ‘லாஸ்ட் நைட்’.

‘இட் டான்ட் ஆன் மீ’னு யாராவது சொன்னா விடியலைத் தேடாதீங்க. ‘அப்பத்தான் உறைச்சுது’ன்னு அர்த்தம். உறைச்ச விஷயம்தான் எழுவாய், ஆள் இல்லை. ‘ஐ டான்ட்’னு சொன்னா யாருக்கும் புரியாது.

கேட்டவருக்கு: ‘வாட் டைம் எக்ஸாக்ட்லி?’ன்னு ஒரு வரி அனுப்பிட்டுத் தூங்குங்க. பதில்ல ‘ஹாஃப்’னு வந்தா மறுபடியும் நம்பரா எழுதச் சொல்லுங்க.