ஜிப்ஸிக்கு கியர்பாக்ஸ் மவுண்ட்: புஷ் எது சரி?

நண்பர்களே, மாருதி ஜிப்ஸியில் டீசல் எஞ்சினும் அதன் கியர்பாக்ஸும் ஏற்றும் வேலை. பழைய மவுண்ட் பொருந்தாது, புது கிராஸ்மெம்பர் (கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) செய்தாக வேண்டும். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்பதால், இரண்டுக்கும் நடுவில் உள்ள குட்டி ஷாஃப்ட்தான் பெரிய தலைவலி. நீளம் குறைவு, கியர்பாக்ஸின் பின்பக்கம் சில மி.மீ. இறங்கினாலே யூ-ஜாயின்ட் (ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பு) கோணம் எகிறிவிடும். இரண்டு பக்க ஃபிளாஞ்சும் (ஷாஃப்டை போல்ட் செய்யும் தட்டு) இணையாக இல்லாவிட்டால் அதிர்வு நிச்சயம்.

திட்டம்: 50×50×3 மி.மீ. சதுரக் குழாய், முனைகளில் 6 மி.மீ. தகடு, பக்கத்துக்கு இரண்டு எம்12 போல்ட், 8.8 கிரேடு. கிளட்ச் மாற்றக் கழற்ற வேண்டும் என்பதால் சேஸிஸோடு வெல்டிங் கிடையாது. போல்ட் துளைகளுக்குள் ஸ்லீவ் வைத்து வெல்ட் செய்யணும். இல்லையென்றால் முறுக்க முறுக்கக் குழாய் நசுங்கி போல்ட் லூஸாகும். வண்டியில் வைத்து டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்ட்) மட்டும், அதுவும் பேட்டரியைக் கழற்றிவிட்டு. முழு வெல்ட் வெளியே எடுத்தபின், ரப்பர் கருகாது.

சந்தேகம் புஷ்ஷில்தான் (அதிர்வைத் தாங்க மவுண்டில் வைக்கும் மெத்தை). எஞ்சின் மவுண்ட் ரப்பராக இருக்க, பின்னால் மட்டும் விறைப்பான பாலியூரித்தேன் போட்டால் எஞ்சின் ஆட்டமெல்லாம் கியர்பாக்ஸின் அலுமினிய உறைமேல் ஏறி விரிசல் விடுமோ? ரப்பர் என்றால் 60 ஷோர் ஏ கடினம் போதுமா? பாறையில் சேஸிஸ் முறுக்கும்போது நடுவில் ஒரே புஷ்தான் நல்லது என்று தோன்றுகிறது. இரண்டு புஷ் போட்டு ஓட்டியவர்கள் புஷ் அளவோடு சொல்லுங்கள்.