லோடே இல்லை, மீட்டர் மட்டும் 0.3 ஆம்பியர் காட்டுகிறது

12 வோல்ட் பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் போர்டு ஒன்று என் டேபிளுக்கு வந்தது. பாசிட்டிவ் லைனில் 0.1 ஓம் ஷண்ட், அதாவது கரண்ட்டை அளக்க வைக்கும் சின்ன ரெசிஸ்டர். அதன் இரு முனையிலிருந்தும் ஒற்றை ஆப்-ஆம்ப் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் (இரண்டு இன்புட்டின் வித்தியாசத்தை மட்டும் பெருக்க வேண்டியது), கெயின் 10. ஒரு ஆம்பியருக்கு ஒரு வோல்ட் வர வேண்டும். லோடைக் கழற்றிய பிறகும் 0.3 வோல்ட் அசையாமல் நின்றது. ஆஃப்செட் (இன்புட் இல்லாமலே சிப் தரும் நிலையான பிழை) என்று நினைத்து ஆப்-ஆம்பை ஏற்கெனவே மாற்றிப் பார்த்திருந்தார்கள்.

ஆஃப்செட் என்றால் பேட்டரி வோல்டேஜ் மாறினாலும் அது மாறக்கூடாதே? இரண்டு இன்புட்டையும் ஒன்றாகச் சேர்த்து பவர் சப்ளையிலிருந்து 10 வோல்ட் கொடுத்தேன். அவுட்புட் 0.25. 14 வோல்ட் கொடுத்தால் 0.35. நான்கு வோல்ட்டுக்கு 0.1, அதாவது காமன் மோட் கெயின் (இரண்டு இன்புட்டுக்கும் பொதுவான வோல்டேஜ் அவுட்புட்டில் வரும் அளவு) 0.025. அற்பம்தான், ஆனால் உள்ளே நுழைவது 12 வோல்ட் ஆயிற்றே! டிஃபரன்ஷியல் கெயினை இதனால் வகுத்தால் சி.எம்.ஆர்.ஆர்., அதாவது பொதுவான வோல்டேஜை ஒதுக்கும் திறன், 400, சுமார் 52 டெசிபல். டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் 90 டெசிபல் பொய்யில்லை, அது சிப்புக்கு மட்டும். சுற்றியிருந்த நான்கு ரெசிஸ்டரும் 1% ரகம். கெயின் 10-இல் அவை ஒன்றுக்கொன்று எதிராக விலகினால் 49 டெசிபலுக்குக்கூட இறங்கலாம். 0.1% ரகம் போட்டால் மோசமான நிலையிலும் 69 நிற்கும். நான்கையும் மாற்றினேன், ரீடிங் சில மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

---

எனக்கு இந்தக் காமன் மோட் தொல்லை ஈ.சி.ஜி. சர்க்யூட்டில் வேறு வேஷத்தில் வந்தது. 120 டெசிபல் சி.எம்.ஆர்.ஆர். தரும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர், இருந்தும் திரை முழுக்க மெயின்ஸ் ஹம் (மின்சார லைனிலிருந்து வரும் இரைச்சல்). ஒரு எலக்ட்ரோடில் ஜெல் காய்ந்திருந்தது. இரண்டு பக்க இம்பீடன்ஸும் சமமாக இல்லாததால் காமன் மோட் சிக்னலின் ஒரு பகுதி ஆம்ப்ளிஃபயரை எட்டும் முன்பே டிஃபரன்ஷியலாக மாறிவிடுகிறது. அப்புறம் அதை முழுக் கெயினில் பெருக்குவதுதானே அதன் வேலை! புது ஜெல் வைத்ததும் ஹம் பெருமளவு அடங்கியது.

---

இதே காமன் மோட் சோதனையை, எமிட்டர்கள் சேர்ந்த டிரான்சிஸ்டர் ஜோடியில் (டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயரின் எளிய வடிவம்) செய்து பார்த்தவர்கள் உண்டா? கலெக்டரில் 10 கே, இரண்டு எமிட்டரும் சேரும் இடத்தில் 15 கே. ஒரு கலெக்டரிலிருந்து அளந்தால் காமன் மோட் கெயின் 0.33 வந்தது, கணக்கும் அதேதான். அந்த 15 கே-வை எடுத்துவிட்டு அதே கரண்ட்டை வோல்டேஜ் மாறினாலும் மாறாமல் தரும் கரண்ட் சோர்ஸ் வைத்தேன். டிஃபரன்ஷியல் கெயின் அப்படியே இருக்க, காமன் மோட் அவுட்புட் ஸ்கோப்பில் தேட வேண்டியதாகிவிட்டது. ஆனால் ஃப்ரீக்வென்சியை ஏற்றிக்கொண்டே போனால் மெல்ல எட்டிப் பார்க்கும். கரண்ட் சோர்ஸின் கலெக்டர் கெபாசிட்டன்ஸ் செய்கிற வேலை அது.