தடுப்பூசி அட்டையில் ஒரு காலிக் கட்டம்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மூத்தவளின் அம்மா:
9-ஆம் மாதத் தட்டம்மை ஊசிக்குப் போகவேண்டிய நாளில் அவளுக்கு லேசாக மூக்கு ஒழுகியது. சளி போகட்டும் என்று நானே தள்ளிப்போட்டேன். அந்தச் சளி போய் அடுத்தது வந்து, பார்த்தால் 14 மாதம் ஆகிவிட்டது. செவிலியர் திட்டவில்லை. காலிக் கட்டத்தின் மேல் பேனா நுனியை வைத்துக்கொண்டு, "லேசான சளிக்கெல்லாம் ஊசியை நிறுத்த வேண்டாம்னு யாரும் சொல்லலையாம்மா?" என்றார். முதுகலை படித்தவள் நான். அந்தப் பேனா நுனி இன்னும் குத்துகிறது.

பழைய செவிலி:
படிப்பை இதில் இழுக்காதீங்கம்மா. எழுத்தே தெரியாத ஒருத்தி, மூன்று பிள்ளைகளின் அட்டைகளையும் ஒரே கவரில் கொண்டுவருவாள். எது யாருடையது என்று தெரிய ஓரத்தில் நூல் முடிச்சு. மூத்தவனுக்கு ஒன்று, கடைக்குட்டிக்கு மூன்று. "மூணு முடிச்சுக்கு இன்னிக்குத் தட்டம்மை ஊசி" என்றாள். நாள் சரிதான். ஆனால் குப்பி 10 பேருக்கானது, கலக்கினால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும், மீந்தால் கொட்டணும். அன்று வந்தது அவள் ஒருத்திதான். ஒரு குழந்தைக்கென்றாலும் குப்பியைத் திறக்கலாம் என்பது எனக்குத் தெரியும். மருந்து வீணானதற்கு மேலிடத்தில் பதில் சொல்லணுமே என்று, "அடுத்த வாரம் வா" என்றேன். முடிச்சைத் தடவிக்கொண்டே போனாள்.

ஒரு அப்பா:
அப்படியானால் தப்பு உங்களுடையது அக்கா. பிறகு ஊசி விட்டுப்போனால் மட்டும் அம்மாவுக்கு விவரம் போதாது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நானும் யோக்கியன் இல்லை. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி, அதன் முதல் தவணைக்குப் பிறகு குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சல். ஓரிரு நாளில் விட்டுவிடும் என்று மனைவி சொல்லியும், இனி ஊசியே வேண்டாம் என்று கத்தினேன். ஒரு நாள் குழந்தைக்குத் துணி மாற்றும்போது தொடையில் சின்னதாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. சொல்லாமலே கூட்டிப்போயிருக்கிறாள். இன்றுவரை நானும் கேட்கவில்லை.

தேனீ:
என் கதை சின்னது. காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்ததும் பயந்துபோய்க் களிம்பு தடவினேன், அவ்வளவுதான். சில வாரம் கழித்து அங்கே கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாவது வழக்கம். எதையும் தடவ வேண்டாம். அப்புறம் எல்லாரும் அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள். தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை ஊசிக் காய்ச்சல் அன்றைக்கே வராது, ஒரு வாரம் கழித்துத்தான் வரும். அதை வேறு நோய் என்று நினைத்து அலைகிறவர்கள் நிறைய. சளிக்காரம்மா, நீங்களும் அன்றே கேட்டிருக்கலாம்.

மூத்தவளின் அம்மா:
கேட்டிருக்கலாம். அதனால்தானே எழுதினேன்! செவிலியக்கா, மூணு முடிச்சு அடுத்த வாரம் வந்தாளா?

பழைய செவிலி:
அந்த வாரம் நான் விடுப்பு. திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.