ஒழுங்கைப் பொங்கலை இம்முறை எப்படி வைப்பது? (கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்துக் கேள்வி-பதில்)

கேள்வி (வட்டக்கச்சி):
வணக்கம். எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடுகள் உள்ளன. தைப்பொங்கலன்று எல்லோரும் வைரவர் கோயில் முன்றலில் வரிசையாக அடுப்புக்கல் வைத்துப் பொங்கி, பின்னர் அங்கேயே பந்தியிருந்து சாப்பிடுவது வழக்கம். கொரோனா பரவுவதால், வருகிற 14ஆம் திகதி அதனை முற்றாக நிறுத்த வேண்டும் என்கிறார்கள் சிலர். என் அம்மம்மாவுக்கு எண்பது வயதாகிறது, நீரிழிவும் உண்டு. ஆனாலும் மீளக் குடியேறிய ஆண்டில் தறப்பாள் கொட்டிலின் முன்னே மூன்று கல் வைத்துப் பொங்கியவர் அவர். பொங்கலே வேண்டாம் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி (தாதி, கிளிநொச்சி):
தம்பி, வெட்டவெளியில் அடுப்பெரிப்பதை விட, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நெருங்கியிருந்து கதைத்துச் சாப்பிடும் அந்த ஒரு மணி நேரந்தான் ஆபத்தானது, ஏனெனில் கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றாலும் எச்சில் துளிகளாலுமே பரவுகிறது. ஆகவே பொங்கலை வையுங்கள், பந்தியை விடுங்கள். காய்ச்சலோ இருமலோ உள்ளவர் வீட்டிலேயே நிற்கட்டும். இன்னொன்றையும் கட்டாயம் கவனியுங்கள்: அடுப்படியில் கைக்குப் பூசும் தொற்றுநீக்கித் திரவம் வேண்டாம். அதிலுள்ள மதுசாரம் எளிதில் தீப்பற்றும், பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரிவதும் அரிது. ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்து, இருபது விநாடிகள் கை கழுவினாலே போதும்.

மறுமொழி (முள்ளியவளை):
தாதி அம்மா சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் பதினான்கு அடுப்புகளை ஒரு முன்றலில் தள்ளித் தள்ளி வைப்பது கதைக்கு உதவுமே தவிர நடைமுறைக்கு உதவாது. பாளையும் பன்னாடையும் புகைந்து கண் எரியத் தொடங்கினால், எல்லோரும் காற்று வரும் பக்கமாக ஒன்றுகூடிவிடுவார்கள். அவரவர் படலைக்குள்ளே, ஒரே நேரத்தில் பொங்குங்கள். முல்லைத்தீவில், உப்புநீரில் விளக்கெரியும் வட்டாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலே 2020இல் கட்டுப்பாடுகளுடன்தான் நடந்தது. நம் ஒழுங்கை அதற்கு மேலானதல்ல. கிராம அலுவலரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்னரே கேட்டுவிடுங்கள், கூடக்கூடியவர்களின் எண்ணிக்கை அடிக்கடி மாறுகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. படலைப் பொங்கலே எங்களுக்குப் பொருத்தம் போலிருக்கிறது. ஆனால் பொங்கலைப் பரிமாறிக்கொள்ளாமல் இருக்க முடியாதே?

மறுமொழி (தாதி, கிளிநொச்சி):
உணவால் இந்நோய் தொற்றுவதாக அறியப்படவில்லை. ஒருவரே அகப்பை பிடித்து வாழையிலையில் கட்டி, படலையில் வைத்துவிட்டு விலகி நிற்கட்டும். அம்மம்மாவும் திண்ணையிலிருந்து நாலு வார்த்தை கதைப்பார். ஒரே நேரத்தில் தொடங்குவதற்குச் சங்கு ஊதுவீர்களாயின், அதை ஒருவர் மட்டுமே, தள்ளி நின்று ஊத வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கி ஊதிப் பார்ப்பது இம்முறை கூடாது. அடுப்பு ஊதும் குழலுக்கும் அதே விதிதான்.

கேள்வி கேட்டவர்:
எங்கள் வைரவர் கோயிலில் சேமக்கலம் இருக்கிறது. அதையே அடிக்கச் சொல்கிறேன்.