‘கப்பிங்’, ‘கிரவுனிங்’: மலர்வு, கவிழ்வு?

குழுவினருக்கு வணக்கம்.

மரத்தரைப் பலகை ஈரத்தால் ஓரம் தூக்கி நடு தாழ்வதை ‘கப்பிங்’ என்பார்கள்; நடு தூக்கி ஓரம் தாழ்வது ‘கிரவுனிங்’. நம் மரத்தரைச் சொற்பட்டியலில் ‘கப்பிங்’குக்குக் ‘குழிவளைவு’ என்று இருக்கிறது. மாற்ற வேண்டும். குழி என்றதும் படிக்கிறவர் பட்டி வைத்து நிரப்பப் பார்ப்பார். அங்கே குழியே கிடையாது.

பீர்மேடு, மூணாறு பக்கத்துப் பழைய பங்களாக்களில் கம்பளத்தை உரித்தால் அடியில் தேக்கோ ஆஞ்சிலியோ இருக்கும். கம்பளத்துக்கு அடியில் போட்ட ரப்பர் விரிப்பு ஈரத்தை மேலே விடாது. அதை எடுத்ததும் மேல்முகம் முதலில் காய்ந்து சுருங்கும். அடிமுகம் ஊறியபடியே இருக்கும். பலகைக்குப் பலகை இரண்டு ஓரமும் தூக்கும், நடு தாழும். குறுக்கே உள்ளங்கையை ஓட்டினால் தகரக்கூரை மாதிரி தட்டும்.

நாட்டோடு வேய்கிறவர்கள் ஒரு வரிசையை ஓரம் மேலே தூக்கியிருக்க மலர்த்தி வைத்து, அடுத்ததை அதன்மேல் நடு மேலே வரக் கவிழ்த்து வைப்பார்கள். எல்லை தாண்டி மலையாளத்திலும் ‘மலர்ந்நு’, ‘கமிழ்ந்நு’தான். ஆகவே கப்பிங் = மலர்வு, கிரவுனிங் = கவிழ்வு.

———

> கப்பிங் = மலர்வு

அண்ணாச்சி, மலர்வு என்றால் பூதானே நினைவுக்கு வரும்? பழுதுக்கு இவ்வளவு அழகான பெயரா! ‘ஓரமேறல்’, ‘நடுவேறல்’ நேராகப் புரியுமே.

இன்னொன்று: மேலே தண்ணீர் தேங்கினாலும் நடு துருத்தும், அவசரப்பட்டுத் தேய்த்தாலும் துருத்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

———

> ‘ஓரமேறல்’ நேராகப் புரியுமே

புரியும் தம்பி. ஆனால் ஆணி தளர்ந்தாலும் ஓரம் ஏறும், ஒரு பக்கம் மட்டும். அதற்கு ஆணியை இறுக்கினால் போதும். இதற்குக் காயவிட வேண்டும். வினையாகவும் வைத்துப் பாருங்கள்: ‘மலர்ந்த பலகையைத் தேய்த்தால் கவிழும்.’ தூக்கிய ஓரத்தை மெஷின் சீவிவிடும்; பிறகு அடியும் காய்ந்து பலகை நேராகும்போது ஓரம் மெலிந்து, நடு துருத்தி நிற்கும்.

இரண்டாவது கேள்வி நியாயம். தண்ணீரால் வந்தது காய்ந்தால் பெரும்பாலும் தணியும். தேய்த்ததால் வந்தது தணியாது. மறுபடி தேய்க்க வேண்டும். நாக்கும் காடியும் சேர்த்த பலகையில் (ஒன்றின் ஓரத்து நாக்கு அடுத்ததன் ஓரத்துக் காடியில் செருகி நிற்கும்) நாக்குக்கு மேலே உள்ள கனம் மட்டுமே தேய்க்கக் கிடைப்பது. அதனால் ‘தேய்ப்புக் கவிழ்வு’ என்று தனிப் பதிவு போடலாம்.

விளக்கத்தில் இதையும் சேர்க்கவும்: கசிவை முதலில் அடைக்க வேண்டும். கம்பளத்தைப் பிடித்திருந்த ஓரத்து ஆணிப்பட்டையையும் ஸ்டேப்ளர் பின்களையும் குறடால் பிடுங்க வேண்டும். ஒரு பின் மிஞ்சினாலும் உப்புத்தாள் கிழியும். ஈரமானியில் மேல்முகத்தில் ஓர் அளவு, நீள ஊசியை இறக்கி அடிப்பக்கத்தில் ஓர் அளவு. வித்தியாசம் 1 விழுக்காட்டுக்குள் வரும்வரை, வாரக்கணக்கானாலும், மெஷினைத் தொடக்கூடாது. ஜூன், ஜூலை மழையில் அங்கே அது நடக்காது. ஜனவரிக்குப் பிறகு பார்க்கலாம். அப்புறம்தான் 40, 60, 80, 100 எண் தாள்கள், வரிசை தாண்டாமல்.

பூ குறுக்கே வராமலிருக்க ‘பலகை மலர்வு’ என்றே தலைச்சொல் வைப்போம். ‘குழிவளைவு’ என்று தேடி வருகிறவர்களுக்கு அங்கிருந்து ஒரு சுட்டி போதும்.