வாடகைக்கு இருந்த ஆக்கள் சொல்லாமப் போட்டினம், பூட்டை உடைக்கலாமோ?

உதயநகர்_பிள்ளை:
வணக்கம். கிளிநொச்சி உதயநகரில அம்மான்ர பேரில ஒரு வீடு இருக்கு. 2013ல இந்தியன் வீட்டுத்திட்டத்தில 550,000 ரூபா கட்டம் கட்டமாத் தர கட்டினது, காணாததுக்கு அம்மா தன்ர சங்கிலியை வித்துத்தான் முன் விறாந்தையும் பூச்சும் முடிச்சவ. அம்மாக்கு ஏலாமப் போக நான் வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டன், சும்மா பூட்டி வச்சா கறையான் எடுத்திடும் எண்டு ஒரு குடும்பத்துக்கு மாசம் 15,000க்குக் குடுத்தனாங்கள், தாயும் ரெண்டு பிள்ளையளும். ஒரு மாச அட்வான்ஸ் வாங்கினது, எழுத்தில அக்ரிமென்ட் ஒண்டும் இல்லை, ஒரு கொப்பியில கையெழுத்து மட்டும்.

ஏழு மாசம் ஒழுங்காத் தந்தவ. பிறகு 4 மாசமா "அடுத்த கிழமை அக்கா, அடுத்த கிழமை அக்கா" எண்டுதான். இப்ப மூண்டு கிழமையா போன் ஓவ். பக்கத்து வீட்டு அன்ரி சொன்னா ஒருநாள் விடியப்புறம் லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) ஒண்டு வந்து சாமான் ஏத்தினதாம், இருட்டில ஆர் எண்டு தெரியேல்லையாம்.

சனிக்கிழமை போய்ப் பாத்தன். முன்கதவில அவையின்ர ஆமைப்பூட்டு. கறன்ட் வெட்டிக் கிடக்கு, 21,000க்கு மேல பில், கணக்கு அம்மான்ர பேரில. யன்னலால எட்டிப் பாத்தா தையல் மெசின் நிக்குது, மூலையில பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு சோடி, சுவரில ஒரு பெடியன்ர படம், 20 வயசு மட்டில இருக்கும். மாலை இல்லை, பொட்டும் இல்லை. இஞ்ச உள்ள ஆக்களுக்கு அதின்ர அர்த்தம் விளங்கும், காணாமப் போன பிள்ளை, செத்ததெண்டு வீட்டில ஏற்கேல்லை. படத்தை விட்டிட்டுப் போற சனம் திரும்பி வராமலோ? எனக்கு அதுதான் ஒரு முடிவு எடுக்கேலாமக் கிடக்கு.

கனடாவில இருக்கிற அண்ணா உடைச்சு எறி எண்டுறார். அறிவியல்நகர் கம்பஸ் பெடியள் நாலு பேர் வீடு கேட்டு நிக்கினம். அம்மான்ர மருந்துக் காசே இந்த வாடகைதான். என்ன செய்யலாம், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

முறிகண்டியான்:
உங்கட வீடு உங்கட காணி, பூட்டை உடைச்சுப்போட்டு உள்ள போங்கோ, இதில யோசிக்க என்ன இருக்கு. எனக்கும் புதுக்குடியிருப்பில இப்பிடி நடந்தது, பாவம் பாவம் எண்டு பாத்து 11 மாசம் விட்டன், கடைசியில கிணத்து மோட்டரையும் கழட்டிக்கொண்டு போட்டினம். பாவம் பாத்தா நாங்கள்தான் றோட்டில நிக்கோணும்.

கச்சேரியடி:
தங்கச்சி தயவுசெய்து அப்பிடிச் செய்திடாதேங்கோ. நான் ஒரு லோயரிட்ட கிளாக்கா கனகாலம் இருந்தனான், இந்த மாதிரி வழக்கு எத்தினையைப் பாத்திட்டன். வீடு உங்கடதா இருந்தாலும் பூட்டு அவையின்ர, உள்ள சாமான் கிடக்கு, அப்ப வீட்டின்ர ஆட்சி இன்னும் அவையின்ர கையிலதான் எண்டு சொல்ல இடமிருக்கு. 1979ஆம் ஆண்டு 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில 66ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, இஞ்ச சனம் 66 வழக்கு எண்டு சொல்லுறது. வழக்குத் தாக்கல் செய்யிறதுக்கு முந்தின 2 மாசத்துக்குள்ள பலவந்தமா வெளியேத்தினது எண்டு காட்டினா நீதவான் அவையைத் திருப்பி உள்ள விடச் சொல்லலாம், காணிப் பத்திரம் (உறுதி) ஆரின்ர பேரில எண்டு அந்த வழக்கில பாக்கிறேல்லை. வாடகைக்காக நீங்களா அவையின்ர சாமானை எடுத்து வைக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது.

மற்றது, எழுத்து இல்லாட்டி அது மாசத்துக்கு மாச வாடகைதான். 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாசத்துக்கு மேல குத்தகை எண்டா நொத்தாரிசு முன்னால எழுதோணும். குத்தகை முடிஞ்ச வீட்டைச் சுருக்க முறையில திருப்பி எடுக்க 2023இல 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது, ஆனா கையில ஒழுங்கான உடன்படிக்கை இல்லாம அதோட போகேலாது.

இன்னொண்டு கேக்கோணும், காணி சொந்த உறுதியோ, அரசாங்கம் தந்த பெர்மிட்டோ?

உதயநகர்_பிள்ளை:
பெர்மிட் ஐயா. அதில ஏதும் பிரச்சினையோ?

கச்சேரியடி:
பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின்ர அனுமதி இல்லாம ஆருக்கும் வாடகைக்கோ குத்தகைக்கோ குடுக்கிறது நிபந்தனைக்கு மாறு, 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டக் காணி அது. வன்னியில பாதி வீடு இப்பிடித்தான் போகுது, அது எனக்கும் தெரியும், ஆனா கோட்டில ஏறினா முதல் கேள்வி அதுதான் வரும். அதால வழக்குக்குப் போகாம முடிக்கப் பாருங்கோ. முதல்ல ஜீ.எஸ்ஸிட்ட (கிராம சேவகர்) உள்ளதை ஒளிக்காமச் சொல்லுங்கோ, பொலிசில ஒரு என்ட்றி போடுங்கோ, கதவில திகதி போட்டு 14 நாள் நோட்டீஸ் ஒண்டு ஒட்டி அதைப் போட்டோ எடுத்து வையுங்கோ. ஆக்கள் அகப்பட்டா மத்தியஸ்த சபையில, 4 மாச வாடகையில அட்வான்ஸ் கழிச்சு மிச்சம் 45,000 விசயத்தைக் கதைக்கலாம், காசு செலவில்லை. காசில்லாத ஆக்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கு, அம்மான்ர பேரில கேட்டுப் பாருங்கோ.

நெடுங்கேணி_அக்கா:
நான் வாடகைக்கு இருந்த ஆள், அந்தப் பக்கத்தில இருந்து சொல்லுறன். விடியப்புறம் போறவை வீட்டுக்காரருக்குப் பயந்து போறேல்லை பிள்ளை, கிழமைக்கடன் காசு கேட்டு வாறவைக்குப் பயந்துதான். செவ்வாய்க்கிழமை எண்டா எங்கட ஒழுங்கையில பொம்பிளையள் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க மூச்சு விடாம இருந்தவை, நானும் இருந்தனான், பிள்ளை அழுதா வாயைப் பொத்துறது. நாலு மாசம் உங்களுக்குத் தராத காசு எங்க போயிருக்கும் எண்டு யோசியுங்கோ. வாடகையை விடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை, அம்மான்ர மருந்துக் காசு அது. ஆனா ஆளைத் தேடாம முடிவெடுக்காதேங்கோ. பிள்ளையள் எந்தப் பள்ளிக்கூடம்? விடுகைப் பத்திரம் இல்லாம வேற பள்ளிக்கூடத்தில சேக்கேலாது, அப்ப அங்க கட்டாயம் வந்திருப்பா, இல்லாட்டி வருவா. அதிபரிட்ட நம்பரைக் கேக்காதேங்கோ, தரமாட்டினம், உங்கட நம்பரை அவவிட்டக் குடுக்கச் சொல்லுங்கோ. கடன் கேட்டு வரேல்லை, வீட்டுத் திறப்பு (சாவி) விசயம் மட்டும் எண்டு எழுதிக் குடுங்கோ. அந்தப் படத்தை மட்டும் ஆரும் தொட விடாதேங்கோ.

உதயநகர்_பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி, என்ன நடந்தது எண்டு எழுதாமப் போறது சரியில்லை எண்டு வந்தன். நோட்டீஸ் ஒட்டி 14 நாளும் முடிஞ்சு, ஜீ.எஸ், பக்கத்து வீட்டு அன்ரி, அன்ரின்ர மகன் மூண்டு பேரையும் வச்சுக்கொண்டு திறந்தம், முழுக்க வீடியோ. ஒவ்வொரு சாமானாச் சொல்லச் சொல்ல நான் எழுதினன், மூண்டு பேரும் கீழ கையெழுத்து. கறன்ட் மீற்றரையும் போட்டோ எடுத்தன். குசினிக்க சட்டி முட்டி எல்லாம் கழுவிக் கவிட்டு வச்சிருக்கு, கூட்டின வீடு. தலாணி உறைக்குள்ள ஒரு பைல் இருந்தது, பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி, செஞ்சிலுவைத் துண்டு, காணாமற்போனோர் அலுவலகத்துக் கடிதம், எல்லாம் பிளாஸ்ரிக் கவருக்குள்ள, ஓரம் நைஞ்சு போய். அதைத் திறந்த உடன ஜீ.எஸ் எழும்பி வெளியில போட்டார். நானும் மூடி வச்சிட்டன்.

நெடுங்கேணி அக்கா சொன்னபடி பள்ளிக்கூடத்தில நம்பர் குடுத்து அஞ்சாம் நாள் அவ எடுத்தா. முதல் கேள்வியே "அக்கா பைல் இருக்கோ" எண்டுதான். லாண்ட்மாஸ்ரர்காரன் ரெண்டாந்தரம் வாறன் எண்டு காசையும் வாங்கிக்கொண்டு வரேல்லையாம், பிறகு கடன்காரர் ஒழுங்கையில நிப்பினம் எண்ட பயத்தில வரேல்லையாம். வியாழக்கிழமை வாறா. மெசினை இப்ப எடுக்கேல்லை, 45,000ஐயும் கறன்ட் பில்லையும் கட்டிப்போட்டு எடுக்கிறன் எண்டு அவவே சொன்னா. அம்மா அதைக் கேட்டிட்டு மெசினையும் குடுத்து விடு, அது இல்லாம அவள் எதில உழைச்சுக் கட்டுறது எண்டுறா.

கச்சேரியடி:
குடுங்கோ, ஆனா வெறுங்கையாக் குடாதேங்கோ. சாமான் லிஸ்ற்றில ஒவ்வொண்டுக்கும் நேர கையெழுத்து, வீட்டை இண்டைக்குத் திருப்பி ஒப்படைச்சன் எண்டு திகதியோட ஒரு வரி, மாசம் எவ்வளவு கட்டுறது எண்டு இன்னொரு வரி, ஜீ.எஸ் சாட்சி. பூட்டின்ர திறப்பையும் அவவின்ர கையாலயே வாங்குங்கோ. கம்பஸ் பெடியளை விட முதல் பிரதேச செயலகத்தில காணிக் கிளையில போய் ஒருக்காக் கதையுங்கோ.