ஒயிட் ரிம் சாலை: மலைப்பாதை பழகாதவர் ஓட்டலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் யூட்டா மாநிலத்தின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளமுள்ள ஒயிட் ரிம் சாலையை மூன்று நாட்களில் சுற்றிவர நானும் என் மனைவியும் எண்ணியுள்ளோம். சொந்தமாக ஜீப் ரேங்ளர் இருக்கிறது. ஆனால் சாதாரண மண் சாலையைத் தாண்டி நான் ஓட்டியதில்லை. இப்பாதையை நடுத்தரக் கடினம் என்கிறார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி 1:
வணக்கம் நண்பரே. 1950களில் யுரேனியம் தேடியவர்களுக்காகப் போடப்பட்ட இச்சாலை, பெரும்பாலும் மணற்பாறைத் திட்டின் மேலேயே செல்வதால், பொறுமையாக ஓட்டுபவருக்கு அதிகச் சிரமம் தராது. சோதனையெல்லாம் ஷேஃபர் இறக்கம், மர்ஃபி ஹாக்பேக், ஹார்ட்ஸ்கிராபிள் ஏற்றம் போன்ற சில இடங்களில்தான். ஷேஃபரில் தடுப்புச் சுவர் இல்லாத கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 450 மீட்டர் இறங்க வேண்டும். முதன்முறை நான் பிரேக்கை மிதித்தபடியே இறங்கியதில், பாதி வழியில் கருகிய வாடை வண்டிக்குள் வந்துவிட்டது. அகலமான ஓரிடத்தில் நிறுத்தி, சக்கரங்கள் ஆறும்வரை காத்திருந்து, லோ ரேஞ்சில் (வண்டியை மிக மெதுவாக, கூடுதல் இழுவிசையுடன் ஓட்ட உதவும் கியர் அமைப்பு) முதல் கியரைப் போட்ட பிறகு வண்டியை எஞ்சினே பிடித்துக்கொண்டது. பிரேக்கைத் தொட வேண்டிய தேவை அரிதாகவே வந்தது.

மர்ஃபியில் ஏறும்போது முன்கண்ணாடியில் வானம் மட்டுமே தெரியும். உங்கள் மனைவி இறங்கி மேலே நடந்து சென்று, எதிரில் வண்டி இல்லை என்று கையசைத்த பிறகே ஏறத் தொடங்குங்கள்.

மறுமொழி 2:
பகலில் மட்டும் ஓட்டினாலும் அனுமதிச் சீட்டு கட்டாயம். இரவு தங்கும் இடங்களை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வழியில் எங்கும் குடிநீர் கிடைக்காது என்பதால், ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். வண்டி நின்றுவிட்டால், இழுத்துவரும் செலவு பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இடையில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

மறுமொழி 1:
ஈரமான ஷேஃபர் சரிவு வழுக்கும். காயும்வரை அதில் இறங்காதீர்கள். புறப்படும் நாளன்று காலையில் பூங்காக் காவலர்களிடம் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேற்றைத் தவிர்ப்பதற்காகச் சாலையை விட்டு ஒதுங்கவே கூடாது. ஓரத்தில் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும் மண், நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து கட்டிய உயிர்ப்போர்வை. அதில் பதியும் ஒரு சக்கரத் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.